இடது சக்கரத்துக் கீழ் போல்ட்

லோகேஸ்வரனுக்கு ராத்திரி பகல் என்றில்லாமல் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இறுக்காத போல்ட் ஒன்று இரும்பில் தட்டுகிற சத்தம். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது கேட்டது. குளிக்கும்போது கேட்டது. வாடகை அறையில் காற்றாடி சுற்றினாலும் அதேதான். காற்றாடியை நிறுத்திவிட்டு வேர்வையில் கிடந்து பார்த்தான், அப்போதும் விட்டபாடில்லை.

காரணம் அந்தத் தாமான் குடியிருப்புக்கே தெரியும். அவனுடைய அக்கா பிரேமலாவின் கணவர் ரூபேந்திரன், பாசிர் கூடாங் போகும் சாலையில், முன்னால் நின்ற லோரியின் பின்புறத்தில் காரைக் கொண்டுபோய்ச் செருகி இறந்துபோனார். சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்றது போலீஸ். அந்தப் பிரேக்கை முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் லோகு மாற்றிக் கொடுத்திருந்தான்.

அவன் என்ன மெக்கானிக்கா? ஒரு மண்ணும் கிடையாது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன். முதலில் எஞ்சின் எண்ணெய் மாற்றினான். அப்புறம் ஏர் ஃபில்டர், பிளக். ஒவ்வொன்றும் சரியாக வரவே தலைகால் புரியவில்லை. “ஒர்க்‌ஷாப்புக்கு எதுக்கு மாமா? பிரேக் பேட் தானே, நானே போட்டுத் தரேன் லா” என்று வலியப் போய்க் கேட்டதும் அவன்தான். ரூபேந்திரன் சிரித்துக்கொண்டே சாவியைத் தூக்கிப் போட்டார். மச்சினன் மேல் அந்த மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கு நடந்ததெல்லாம் லோகுவுக்கு நினைவிருந்தது, ஒன்றைத் தவிர. கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினான். தேய்ந்த பேடை உருவிப் புதியதைச் செருகினான். பேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியை மூடி, இடது சக்கரத்தில் மேல் போல்ட்டை இறுக்கினான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகச் சக்கரத்தை மாட்டிவிட்டு ஓடினான். கீழ் போல்ட்டை இறுக்கினானா? எத்தனை யோசித்தும் அதை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

சாவு வீட்டில் ரூபேந்திரனின் தங்கை புஷ்பவள்ளி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். “வீடியோ பாத்து பிரேக்கக் கழட்டுனவன் எங்க? இங்கதான் நிக்கிறானா?” லோகு தலையைக் குனிந்துகொண்டான். பிரேமலா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நொறுங்கிய காரைப் போலீஸ் மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததும் அக்கா வீட்டுப் போர்ச்சில் கொண்டுவந்து போட்டுக் கித்தானால் மூடினார்கள். அதோடு சரி, யாரும் தொடவில்லை. உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா தன் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். லோகு வருவான், கித்தானைப் பார்ப்பான், மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

ஒரு நாள் காலையில் பிரேமலாவே போன் செய்தாள்.

“நாளைக்குப் பழைய இரும்புக்காரங்க லோரி வருதுடா. கார ஏத்திட்டுப் போயிருவாங்க. இன்னைக்கு வந்து நீ ஒரு தடவ பாத்துரு.”

“என்னத்தக்கா பாக்க?”

“எதனாலன்னு. எனக்குத் தெரியணும் லோகு. தெரியாம என்னால இருக்க முடியல.” ஃபேக்டரி பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் போய்க் கித்தானை இழுத்தான். காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவே இல்லை, அவரை வெளியே எடுக்க அறுத்திருந்தார்கள். ஜேக் வைத்துத் தூக்கி இடது சக்கரத்தைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டு கீழ் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்தான்.

அசையவில்லை.

உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினான். ம்ஹூம். கல் மாதிரி இருந்தது. “இறுக்கியிருக்கேன் மாமா! ஐயோ, இறுக்கித்தான் இருக்கேன்!” என்று சக்கரம் இருந்த இடத்தைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதான். பேடும் சரியாக இருந்தது. பிரேக் எண்ணெயும் ஒழுகவில்லை.

அப்படியானால் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

மறுபக்கம் போய்க் குனிந்து பிரேக் பெடலைக் கையால் அழுத்தினான். இறங்கவில்லை. அடியில் என்னவோ இடித்தது. ஆளைத் தூக்கினார்களே ஒழிய, காலடியில் யாரும் பார்த்திருக்கவில்லை. விரலை விட்டு நெம்பி இழுத்தான். துணி முடிச்சு ஒன்று வந்தது. அக்காவின் மாம்பழ நிறச் சேலைக் கிழிசல். அதற்குள் ஒரு சின்னத் தேங்காய். ஓட்டில் பெடல் அழுந்திய தடம்.

பேயறைந்தவன் போல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் குடும்பத்துப் பெண்களின் வழக்கம் அது. வண்டியில் பெரிய வேலை பார்த்தால், முனியாண்டி கோயிலில் தேங்காயை வைத்து வாங்கி, தன் சேலையிலேயே கிழித்துக் கட்டி, ஓட்டுகிறவனின் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அவனுக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் காவல் நிற்காது. லாபிஸ் தோட்டத்தில் அப்பா ஓட்டிய லோரியில் அம்மாவும் வைத்ததுண்டு. அந்தச் சீட்டு அடைத்த பெட்டி மாதிரி, வைத்தது வைத்த இடத்தில் கிடக்கும். காரில் அப்படியா? ஒரு இறக்கம் போதும், உருண்டு முன்னால் வந்துவிடும்.

தம்பி கைவைத்த பிரேக்கை நினைத்துப் பயந்துதான் அக்கா இதை வைத்திருக்கிறாள். பாவி மகள், புருஷனைக் காப்பாற்றத்தான் வைத்தாள்.

லோகு முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினான். அவன் மேல் தப்பில்லை. புஷ்பவள்ளியின் முன்னால் போய் நிமிர்ந்து நிற்கலாம். இந்த முடிச்சைக் காட்டினால் போதும். காட்டினால் அக்கா அந்தச் சேலையிலேயே தூக்குப் போட்டுக்கொள்வாள்.

முடிச்சைத் தன் ஸ்பேனர் பைக்குள் வைத்தான். திரும்ப இடது சக்கரத்துக்குப் போனான். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்துக் கீழ் போல்ட்டை இளக்கினான். வாயைப் பொத்திக்கொண்டுதான் செய்தான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் பிரேமலா ஃபேக்டரி உடுப்போடு நேராகப் போர்ச்சுக்கு வந்தாள்.

“பாத்தியா?”

“என்னாலதான்க்கா. கீழ் போல்ட்ட இறுக்காம விட்டுட்டேன்.”

அவள் குந்தி உட்கார்ந்து போல்ட்டை விரலால் தொட்டாள். சுலபமாகச் சுற்றியது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“உள்ள… சீட்டுகிட்ட, காலுகிட்ட, வேற ஏதாச்சும் கெடந்துச்சா?”

இத்தனை நாளும் அவளுக்குத் தன் தேங்காய் மேலேயே சந்தேகம் இருந்திருக்கிறது.

“நல்லாப் பாத்தேன்க்கா. கண்ணாடித் தூளுதான்.”

“நெசமாவா?”

“நெசமா.”

பிரேமலா மடேரென்று அவன் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு அறை. கை ஓயும்வரை அடித்தாள். “போயிரு. என் வாசல்ல இனி கால வைக்காத. போடா!”

“சரிக்கா” என்றான்.

அவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். அப்புறம் ஓவென்று அழுகை வெடித்தது. “நான் இல்லைங்க… நான் வச்சதுனால இல்லைங்க…” என்று செத்தவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். லோகு பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை கேட்டோரம் நின்றிருந்தான்.