பன்னிரண்டுக்கு எட்டில் சனி

"ஏம்ப்பா ரஃபீக்கு, எம் புள்ள தலைக்கு மேல—"

"அக்கா, நான் சொல்றதச் செத்த—"

"—சனியக் கொண்டாந்து—"

"—கேளுங்க, அது வெறும் போட்டோக்கா—"

"—பன்னெண்டடிக்கு எட்டடியில! சின்னதாவாச்சும் வச்சீங்களா?"

1

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, பாதியிலிருந்து. திண்டுக்கல்லில் செம்பட்டி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு ஃபிளக்ஸ் கடை. எனக்குக் கதைகள் குரலாகத்தான் வரும். முகம் பிறகு நானாக மாட்டுவது. திரும்பிப் பார்த்தால் குரல் கெட்டுவிடும் என்று பார்க்கவே இல்லை. [பொய். ஒரு தடவை பார்த்தேன்.] அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஆகவே காதில் விழுந்தது கால் பங்கு, மீதி என் கைச்சரக்கு. எது எதுவென்று கேட்காதீர்கள்.

2

முறையாக ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். "மலைக்கோட்டையின் மேல் அந்திச் சூரியன் பொன்னை வாரி—"

வேண்டாம். அப்போது காலை பதினோரு மணி. சூரியன் எதையும் வாரவில்லை, மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையில் டிசைன் போடுகிறவள் சுகன்யா. விடிந்தால் அவளுக்கும் மணிமாறனுக்கும் நிச்சயதார்த்தம். மண்டப வாசலில் கட்ட வேண்டிய பேனரைத் தானே போட்டாள். கடைக்காரர் முகமது ரஃபீக் அச்சடித்துக் கொடுத்தார். கீழே மாப்பிள்ளையும் பெண்ணும். இரண்டு தலைக்கும் மேலே, விண்கலம் எடுத்தனுப்பிய சனிக்கிரகத்தின் படம்: மஞ்சள் உருண்டை, சுற்றிலும் வளையம். அக்கம்பக்கத்தில் அதன் நிலாக்கள். ஒவ்வொரு நிலாவுக்குள்ளும் ஒரு சொந்தக்காரர் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

பேனரைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா சொர்ணலட்சுமி முதலில் சொக்கித்தான் போனார்.

"அம்புட்டு லட்சணமா இருக்கே! இது என்னத்தா, தாம்பாளத்துல லட்டா?"

"இல்லத்தே, சனி."

பொய் சொல்லத் தெரியாத பெண். "லட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் எனக்குக் கதை இருந்திருக்காது.

சொர்ணலட்சுமியின் வயிற்றெரிச்சலையும் சொல்ல வேண்டும். மணிமாறனுக்கு ஏழரைச் சனி போன மாதம்தான் விட்டது.* வந்த வரனையெல்லாம் தள்ளிவைத்து, சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றி, மாதமொரு தடவை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய், ஏழரை வருஷத்தைக் கடத்தியிருக்கிறார்.

"போ சாமி, போ சாமின்னு நான் வழியனுப்பிவச்சவர, நீ பேனரு கட்டிக் கூப்புட்டு வந்திருக்கியே ஆத்தா! இது மண்டபத்துல ஏறுச்சுன்னா நாங்க யாரும் படி ஏற மாட்டோம், ஆமா."

* ஜோதிடம் தெரிந்த வாசகர்கள் மணிமாறனின் ராசியைக் கேட்க வேண்டாம். ராசி சொன்னால் வருஷம் தெரியும். வருஷம் தெரிந்தால் மண்டபத்தைக் கண்டுபிடித்துச் சாப்பிடப் போய்விடுவீர்கள்.

3

"சுகன்யாவின் கண்கள் குளமா—"

அழ மாட்டேன் என்றுவிட்டாள். கல்யாணமே நின்றுபோகும் நேரத்தில் அழாத கதாநாயகியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவள் வாதாடுகிறாள்.

"அத்தே, ஒரு விண்கலம் அவரையே சுத்திச் சுத்தி வந்துச்சு. ஏழரை இல்ல, பதிமூணு வருசம்! எம்புட்டுப் போட்டோ அனுப்புச்சு தெரியுமா? ஒரு நிலா அச்சு அசல் கொழுக்கட்டை."

"பதிமூணு வருசமா!" சொர்ணலட்சுமிக்கே பாவமாகிவிட்டது. "ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம்?"

"அப்புறம்..."

"சொல்லுத்தா."

"அவருக்குள்ளயே விழுந்து எரிஞ்சுபோச்சு."

"பாத்தியாப்பா ரஃபீக்கு!"

["இன்னும் சுத்துது அத்தே" என்று சொல்லச் சொல்லி அவள் காதில் ஓதினேன். கேட்கவில்லை.]

4

இந்த இடத்தில் கதை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு மொபெட் சத்தம் கேட்டது. பொன்னுத்துரை வந்தார்: சொர்ணலட்சுமியின் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். நடந்த சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. யாரோ சொல்லக் கேட்டுத் தன் சண்டையைத் தனியாகக் கொண்டுவந்திருந்தவர், பேனருக்கு முதுகைக் காட்டியே நின்றார். நிலாக்களுக்குள் எல்லாரும் இருக்க, அவர் படம் மட்டும் விட்டுப்போயிருந்தது. எங்கள் பக்கத்தில் இது சனி தோஷத்தைவிடப் பெரிய தோஷம்.

"பக்கத்து வீட்டு ஒச்சப்பன் இருக்கான், அவன் மச்சினன் இருக்கான், நான் இல்ல. இருக்கட்டும்க்கா. பட்டு வேட்டிய ஊறப் போட்டுட்டேன், நாளைக்கு வரல."

"வேற பேனரு அடிச்சிரு ரஃபீக்கு" என்றார் சொர்ணலட்சுமி.

"இத அடிச்சதோட பெரிய மிஷினு பிரிண்டிங் ஹெட்டு போச்சுக்கா. மதுரையிலருந்து ஆள் நாளன்னைக்குத்தான் வாரான். சின்ன மிஷின்ல ஸ்டிக்கர் வேணா அடிக்கலாம், மூணடிக்கு."

சுகன்யா பேனரில் டேப்பைப் பிடித்தாள். உருண்டை சரியாக மூன்றடி.

மூன்று பேரும் மெல்லத் திரும்பிப் பொன்னுத்துரையின் முகத்தைப் பார்த்தார்கள். நல்ல வட்டமான முகம்.

"அண்ணே, செத்த நேரா நில்லுங்க, ஒரு போட்டோ" என்றார் ரஃபீக்.

சொர்ணலட்சுமி குரலைத் தாழ்த்தினார். "முழுசா மறையும்ல?"

"உருண்டை மறைஞ்சிரும். வளையம்தான் ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கும்."

"வளையமும் அவரோடதுதான?"

"அது பெரும்பாலும் பனிக்கட்டி அத்தே" என்றாள் சுகன்யா. இதுவும் உண்மைதான்.

"பனிக்கட்டின்னா இருந்துட்டுப் போகட்டும். குளுமை."

5

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ. வெயிலில் ஸ்டிக்கர் உரிந்து, மாமாவின் காதோரம் சனி எட்டிப்பார்க்கிறார். (பந்தி முடிந்த பிறகு என்றால் சம்மதம் என்கிறார் சொர்ணலட்சுமி.)

ஆ. நிச்சயம் நின்றுபோ— (சுகன்யா என் கையைத் தட்டிவிட்டாள்.)

இ. எல்லாரும் சுகமாக— (அதற்கு ஏன் இவ்வளவு தூரம் எழுதினேன்?)

இவற்றில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கடையைத் தாண்டப் போவதில்லை. ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. பொன்னுத்துரை நாலடி தள்ளி நின்று தன்னையே பார்க்கிறார்.

"என்னக்கா, எல்லாருக்கும் இத்துனூண்டு வட்டம், எனக்கு மட்டும் இம்புட்டுப் பெருசா?"

"தாய்மாமன்டா. உன்ன மாதிரி யாரு இருக்கா?"

"கழுத்துல மாலை வேற!"

"பனிக்கட்டிண்ணே" என்றார் ரஃபீக்.

"வெயில் காலத்துக்கு நல்லதுதான். வேட்டிய அலசிக் காயப்போடணும்க்கா, நாளைக்கு மொத ஆளா வாரேன்."

மொபெட்டை உதைக்கப் போனவர் திரும்பி வந்தார். பேனரை நெருங்கி, தன் கன்னத்தின் ஓரத்தை நகத்தால் லேசாக நெருடினார். சொர்ணலட்சுமி வாசல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்க்கத் தொடங்கினார். ரஃபீக்குக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

"ஏத்தா சுகன்யா, நீ பொய் சொல்ல மாட்ட, அது எனக்குத் தெரியும். என் மூஞ்சிக்கு அடியில என்னத்தா இருக்கு?"