ஒரு கிண்ணம், இரண்டு வாய்

இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் பொல்லாத போக்கிரி. நர்ஸ் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்து வீட்டையே ரெண்டாக்கிவிட்டான். சின்னவன் சுவரில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்னவன் தங்கம், சிஸ்டர். பசின்னுகூட அழமாட்டான். பெரியவன்தான் என் உயிரை வாங்கறான்," என்றாள் அம்மாக்காரி, பெருமையாக.

நர்ஸுக்குச் சுருக்கென்றது. பிள்ளை அழுதால் அவளுக்குக் கவலையில்லை. அழாவிட்டால்தான் பயம். பிள்ளையின் மெலிவை நிறத்தில் காட்டும் அளவு நாடாவைச் சின்னவனின் மேல்கையில் சுற்றினாள். மஞ்சளில் நின்றது, சிவப்பை ஒட்டினாற்போல. சிவப்பைத் தொட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான்.

"எப்படி ஊட்டறே? என் கண்ணு முன்னாடி ஊட்டு, பார்ப்போம்."

முட்டை பிசைந்த சாதம், ஒரே கிண்ணம், ஒரே ஸ்பூன். எந்த வாய் திறக்கிறதோ அதற்குள் ஸ்பூன் போனது. பெரியவன் வாயை மூடினால்தானே! சின்னவன் ஒரு வாய் வாங்கி மென்று விழுங்குவதற்குள் கிண்ணம் காலி.

"பார்த்தீங்களா, மிச்சமே வைக்கல," என்றாள் அம்மா.

நர்ஸின் வாய்க்கு அந்த வட்டாரமே பயப்படும். ஆனால் தலைகூட வாராத அந்தப் பெண்ணைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை.

"இவன் சாது இல்லம்மா. அழக்கூடத் தெம்பில்ல."

அம்மா சின்னவனை வாரி எடுத்துக்கொண்டாள். "பெத்த பிள்ளைய நானே பட்டினி போட்டுட்டேனா?"

"அசடு மாதிரி பேசாதே. கேட்டவனுக்குக் கொடுத்தே. கேக்கத் தெரியாதவனும் ஒருத்தன் இருக்கான், அவ்வளவுதான். போய் இன்னொரு கிண்ணம் எடுத்துட்டு வா, கண்ணு."

அதன்பிறகு சின்னவனுக்குத் தனிக் கிண்ணம், சாதத்தில் கூடக் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பாடு. அந்தத் தெருவில் வேலையே இல்லாத நாளிலும் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனிடம் உதை வாங்கினாள். நடுவில் சளி பிடித்துச் சின்னவன் மறுபடி இளைத்தபோது அவளுக்கே சோறு இறங்கவில்லை. பிறகு நாடா மெல்ல மெல்லச் சிவப்பை விட்டு விலகியது.

ஒரு மத்தியானம் பெரியவன் தன் பங்கை முடித்துவிட்டு, வழக்கம்போலத் தம்பியின் கிண்ணத்தில் கைவிட்டான். வீல் என்று ஓர் அலறல். சின்னவன் அண்ணனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"டேய், அண்ணனை விடுடா!" என்று அம்மா பாய்ந்தாள்.

நர்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு. கொஞ்ச நேரம் கத்தட்டும்."

பெரியவன் திகைத்துப்போய் வாயைப் பிளந்தான். சின்னவன் மூக்கிலும் நெற்றியிலும் சோறு ஒட்டியிருக்க, கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டிருந்தான்.