பூவிழியின் உப்புப் பத்தியம்

புறாவுக்கு உப்பை நிறுத்தச் சொன்ன மகராசன் எவன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. புறாப் பந்தயச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது, அவ்வளவுதான். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும். உப்பு தின்ன புறா வழியில ஏரியக் கண்டா எறங்கிடும். பந்தயத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே நிறுத்திடுங்க." ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற அறிவழகனுக்கு அது வேதவாக்காகிவிட்டது. செங்கல் பொடியும் கிளிஞ்சல் தூளும் கல்லுப்பும் கலந்து புறாக்களுக்கு வைக்கிற சட்டியை அன்று சாயங்காலமே தூக்கிப் பரணில் போட்டான்.

அதிலும் பூவிழிக்கு நிறுத்தினானே, அதுதான் கொடுமை. பூவிழி அவனுடைய நீலப் பெட்டை. கூட்டில் அவளுக்கு ரெண்டு குஞ்சு. குஞ்சு வைத்திருக்கிற பெட்டைதான் வீட்டு நினைப்பில் அடித்துப் பிடித்துப் பறந்து வரும் என்று அவளைப் பந்தயத்துக்கு எடுத்தான். சரி, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் குஞ்சுக்கு ஊட்டுகிறவளுக்குத்தான் உப்பு வெறி ஜாஸ்தி என்பது அந்தக் கெட்டிக்கார மண்டையில் ஏறவில்லை. மசக்கைக்காரி மாங்காய்க்கு ஏங்குகிற மாதிரி அவள் ஏங்கிப்போய்க் கூட்டுச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள். இவன் அதைப் பார்த்து, பெட்டைக்குப் பந்தயக் களை வந்துவிட்டது என்று பூரித்துப் போனான்.

பந்தயம் சங்கம் நடத்துவது. அதற்குள்ளே தனியாக இன்னொரு பந்தயம் போட்டுக்கொண்டார்கள் இவனும் ரஞ்சன்குடி சிங்காரவேலுவும். பெரம்பலூர் டீக்கடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை. யாருடைய புறா பிந்துகிறதோ அவர் அந்தப் புறாவையே மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கேட்கச் சின்னப் பேச்சுதான். ஆனால் பந்தயப் புறா எங்கே கொண்டுபோய் விட்டாலும் பழகின கூட்டுக்கே திரும்பிவிடும். அதனால் ஜெயித்தவர் அதைச் சாகிறவரைக்கும் கம்பிக்குள் பூட்டித்தான் வைக்கணும், குஞ்சு எடுக்க மட்டும். பூவிழி ஒரு கம்பிக் கூண்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதை நினைத்தாலே அறிவழகன் எழுந்து போய்க் கூட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நெல்லூரில் கூடைகளைத் திறந்துவிட்டார்கள். அறிவழகன் மொட்டைமாடியில் ஒரு செங்கல்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, வீடியோ காலில் சிங்காரவேலுவின் கூட்டைப் பார்த்தபடி இருந்தான். அவர் அங்கிருந்து இவன் கூட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு அவ்வளவு நம்பிக்கை. புறா காலில் ஒரு வளையம், கூட்டு வாசலில் ஒரு பலகை. புறா தானாக நடந்து பலகையைத் தாண்டினால் மிஷின் கீச்சென்று கத்தும், நேரம் சங்கத்துக்குப் போய்விடும். ரெண்டு ஊருக்கும் உள்ள தூர வித்தியாசத்தை மிஷினே பார்த்துக்கொள்ளும். மனுசன் கை பட்டால் மட்டும் அந்தப் புறா கணக்கில் சேராது.

"சாப்டீங்களாண்ணே?" என்று போனைப் பார்த்துக் கேட்டான்.

"எங்கப்பா எறங்குது," என்றார் சிங்காரவேலு.

வெயில் உச்சிக்கு வருகிற நேரம், வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி சிறகாச்சு, சிறகு பூவிழியாச்சு. அறிவழகனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணி வந்தது, கைலி அவிழ்ந்தது, எல்லாம் ஒரே நேரத்தில். கைலியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினான். பூவிழி ஒரு வட்டம் போட்டாள். கூட்டை நோக்கித் தாழ்ந்தாள். கூட்டைத் தாண்டினாள். போய்ப் பக்கத்து மாடியில் மலர்கொடி காயவைத்திருந்த மோர் மிளகாய்த் தாம்பாளத்தில் இறங்கிவிட்டாள்.

உப்புப் பூத்த மிளகாய். அவளுக்கோ பத்து நாள் ஏக்கம். குஞ்சாவது கூடாவது என்று கொத்து கொத்தென்று கொத்தினாள்.

தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே மலர்கொடி குடையைப் பிடித்துக்கொண்டு, காக்காய் விரட்டும் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். பொங்கலிலிருந்து அவளுக்கும் இவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த அவள் வீட்டுச் சுவரை இவன் புறாக்கள் கொத்திக் கொத்தி அம்மை வார்த்த முகமாக ஆக்கிவிட்டன. நியாயம் கேட்க வந்தவளிடம் தெருவே பார்க்க, "புறா என்ன கரையானா, செவுத்த திங்க?" என்று கேட்டுவிட்டான். அந்த மலர்கொடி இப்போது குச்சியை ஓங்கினாள்.

"அக்கா, வேணாங்க்கா," என்றான் அறிவழகன் குசுகுசுவென்று.

"ஏன், ஓம் புறான்னா மெளகாயத் தின்னலாமா?"

"பந்தயப் புறாக்கா. அதுவா கூட்டுக்குள்ள போவணும். வெரட்டுனா சுத்தப் போயிரும், தொட்டா கணக்குல வராது. தோத்துட்டா பூவிழிய ரஞ்சன்குடிக்குக் குடுத்துரணும். காலம்பூரா பூட்டியே வச்சிருவாங்கக்கா."

மலர்கொடி குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு நிதானம் வந்தது. பொங்கலிலிருந்து காத்துக் கிடந்தவள் இல்லையா.

"புறா செவுத்த திங்குமா, திங்காதா?"

"திங்கும்க்கா."

"தெருவுக்குக் கேக்கல."

"சத்தமா சொன்னா பறந்துரும்க்கா."

"அது ஓம்பாடு."

அறிவழகன் தெருப்பக்கம் திரும்பி, தூளியில் கிடக்கிற பிள்ளைக்குப் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னான். "எம் புறா... மலர்கொடி அக்கா செவுத்த... தின்னுச்சு. நான் பேசுனது... தப்பு." கீழே தண்ணி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். போனிலிருந்து சிங்காரவேலு, "யாருப்பா அங்க பாடுறது?" என்று கேட்டார். பூவிழி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

மலர்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் குலுங்குவதைப் பார்த்து அறிவழகனும் குலுங்கினான். ரெண்டு மாடியிலும் ரெண்டு பேர், புறா பறந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வழியச் சிரித்தார்கள்.

"இவளுக்கு நீ உப்பே போடுறதில்லையா?" என்றாள் மலர்கொடி ஒருவழியாக.

அவன் குரல் பதிவு விஷயத்தைச் சொன்னான்.

"குஞ்சுக்கு ஊட்டுறவளுக்கா? வெளங்கிரும்," என்று எழுந்தாள். "ஒனக்காவ இல்ல. இந்த வாயில்லா சீவனுக்காவ."

தாம்பாளத்தை மெல்லத் தூக்கினாள். பூவிழி சிறகடித்துக் கைப்பிடிச் சுவருக்குத் தாவிவிட்டாள். அறிவழகன் ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். மலர்கொடி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தாம்பாளத்தைத் தலையில் வைத்து, சேலையை இழுத்துச் செருகி, ரெண்டு மாடிக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவரைத் தாண்டினாள். பின்னாலேயே பறந்து வந்து தாம்பாளத்தில் உட்கார்ந்தாள் பூவிழி. முளைப்பாரி எடுத்துப் போகிறவள் மாதிரி ஒரு ஆட்டம் அசைவு இல்லாமல் நடந்து போய்க் கூட்டுக்கு முன்னால் குந்தினாள் மலர்கொடி. ஒரு பிடி மிளகாயை அள்ளி வாசலுக்கு உள்ளே போட்டாள். பூவிழி இறங்கினாள், தலையைச் சாய்த்து ஒரு தரம் யோசித்தாள், பிறகு பலகைமேல் நடந்து உள்ளே போனாள். மிஷின் கீச்சென்றது.

அறிவழகன் குதித்த குதியில் மாடி இடியாமல் இருந்ததே பெரிய விஷயம். கட்டிப்பிடிக்க வேறு ஆள் இல்லாமல் தண்ணித் தொட்டியைக் கட்டிப்பிடித்தான். மலர்கொடி கூட்டுக்குள் எட்டி, பூவிழி குஞ்சுகளுக்கு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் போன் ஞாபகம் வந்தது. அதில் சிங்காரவேலுவைக் காணவில்லை, குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. "எறங்குடா சாமி, ஒன்னக் கும்புடுறேன்." அவருடைய சேவல் புறா மாயவன் அப்போதே வந்துவிட்டான். வந்தவன் ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்து பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்திக்கொண்டிருக்கிறான், கீழே இவர் மதிலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார். அதே குரல் பதிவை அவரும் கேட்டுத் தொலைத்திருந்தார். விஷயம் புரிந்ததும் அறிவழகன் வயிறு வலிக்கச் சிரித்தான். சிங்காரவேலு திரும்பி வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றுபோனது.

"இப்பதான் எறங்குனான். நீ ஜெயிச்சுட்ட தம்பி. அடுத்த பஸ்ஸுல கொண்டாறேன்."

"வேணாம்ண்ணே, வெளையாட்டுக்குப் பேசுனது."

"சொன்ன சொல்லு சொல்லுதான்," என்று கட் பண்ணிவிட்டார்.

பொழுது சாய்வதற்கு முன்னால் கூடையோடு வந்து இறங்கினார். டீ வேண்டாம் என்றார். மாயவனைத் தன் கையாலேயே எடுத்து ஒரு காலிக் கூண்டுக்குள் விட்டார். கம்பைவிடச் சோளம்தான் அவனுக்கு இஷ்டம் என்றார், மழைக்குப் பயப்படுவான் என்றார். "நல்லாப் பூட்டிக்கப்பா, ஓடிருவான்," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

பரணிலிருந்த சட்டியை எடுத்து மாயவனுக்கு முன்னால் வைத்தான் அறிவழகன். புறா ஆற அமரத் தின்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தான்.

இருட்டுவதற்குள் சிங்காரவேலுவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஓங் கூண்டுக் கதவு சரியில்லப்பா." மூச்சு வாங்கியது அவருக்கு. "எங்க வூட்டுல இப்பதான் போன் பண்றா. மாயவன் வந்து அவன் எடத்துல உக்காந்திருக்கானாம். நான் இன்னும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டையே தாண்டல."

"கதவு நல்லாத்தான் இருக்குண்ணே," என்றான் அறிவழகன். "நான்தான் தொறந்து வுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கண்டக்டர் துறையூர், துறையூர் என்று கூவுவது மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.