எர்ணாவூர் விலகிப்போன வருஷம்

பஸ்ஸை நிறுத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய அன்று எர்ணாவூர் கால் மைல் வடக்கே நகர்ந்தது. 1928, வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை. ராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் நாளைக்கு நான்கு நடை ஓடிய பஸ்ஸை இரண்டாகக் குறைத்து, ஆடி பிறந்ததும் அடியோடு நிறுத்துவது என்று கம்பெனி யோசித்திருந்தது. முதல் நடை நின்றதும் ஊர் மூன்று மைல் தள்ளிப்போயிற்று. அடுத்த நடை நின்றபோது எட்டு மைல். சர்வே ஆட்கள் சங்கிலி போட்டு அளந்து பார்த்துவிட்டு, சங்கிலி பழசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். திருவொற்றியூர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கோயில் இருக்கிறது, தேர் இருக்கிறது, கேட்க நாலு பேர் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஆளே ஏறுவதில்லை என்பது கம்பெனி சொன்ன காரணம். ஏறினார்கள். தினம் பதினெட்டுப் பெண்கள் இறால் கூடையோடு ஏறினார்கள். மீன் வாடைக்கு உள்ளே இடம் இல்லாததால் பின்னால் லக்கேஜ் பலகையில் கூடையை வைத்து, விழாமல் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்து வருவார்கள். கண்டக்டர் வரதன் கூடைக்கு லக்கேஜ் சீட்டு கிழித்துக் கொடுப்பான். கூடைக்குச் சீட்டு வாங்கினால் அது தூக்கி வந்தவளுக்கும் சேர்த்துத்தான் என்று அவனும் நினைத்தான், அவர்களும் நினைத்தார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியதில், கம்பெனி புத்தகத்தின்படி எர்ணாவூரிலிருந்து இறால் மட்டுமே பிரயாணம் செய்துகொண்டிருந்தது.

அந்தப் பதினெட்டுப் பேரில் கெங்கம்மாவுக்குத்தான் பஸ் இல்லாமல் முடியாது. அவளுடைய ஆறு வயது மகள் நாகம்மா, கால் எலும்பில் சீழ் வைத்து ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க விடுவது மாலை நாலிலிருந்து ஐந்து வரை. அம்மா ஊட்டினால் நாலு வாய் வாங்குவாள், மற்றவர்கள் கிட்டே வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். பஸ் நின்றால் பிள்ளை பட்டினி கிடந்தே செத்துவிடும் என்று கெங்கம்மாவுக்குத் தெரியும்.

கம்பெனி முதலாளி ஞானதுரை தெற்கத்திக்காரர், மொத்த மளிகை வியாபாரி, கெட்டவர் அல்ல. கேட்க வந்த பெண்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"எல்லாம் கூடைச் சீட்டால்லா இருக்கு. ஆளு எங்க ஏறியிருக்கு?"

"நாங்க கீறோம், நைனா. உன் சீட்டுலதான் இல்ல," என்றாள் கெங்கம்மா.

கடைசி வாரம் முழுக்கப் பதினெட்டுப் பேரும் கூடையை வீட்டில் போட்டுவிட்டு, வெறும் கையோடு ஆள் சீட்டு வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்து போய்வந்தார்கள். வீட்டில் இறால் நாறியது. ஆனால் பஸ்ஸில் ஆள் ஏறுவதில்லை என்ற கம்பெனி அறிக்கை அதற்கு முந்தின வாரமே கையெழுத்தாகியிருந்தது. பஸ் நின்றது. எர்ணாவூர் நாற்பது மைல் போயிற்று.

கெங்கம்மா நடந்தாள். மூன்றாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். நர்ஸ் ஃப்ளோரன்ஸ், "நாளைக்கு வாம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் பாதங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டாள். நாகம்மா மூன்று நாளாக ஒன்றும் தின்றிருக்கவில்லை. இனி இங்கிருந்து போனால் திரும்பி வர முடியாது என்பதால் கெங்கம்மா போகவில்லை. மதில் ஓரமாகவே படுத்து, ஒரு மாதம் ஊட்டினாள். ஊர் போய்க்கொண்டே இருக்கிறது என்று வருகிறவர்கள் சொன்னார்கள். அவள் தினமும் அழுதாள், தினமும் ஊட்டினாள்.

கால் ஆறியதும் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினார்கள். திருவொற்றியூரை முதல் நாளே தாண்டியாயிற்று. அதற்கப்புறம் மணல்தான். பத்து வருஷம் நடந்தார்கள். வழியில் கூலிக்குக் கருவாடு காயவைத்தார்கள், உப்பு வாரினார்கள். ஓர் உப்பளத்தருகே நாகம்மா பெரியவளானாள். நாலு ஓலை கட்டி மறைத்து அவளை உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி நடந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோதும் எர்ணாவூரில் 1928ஆம் வருஷத்து ஆவணிதான் நடந்துகொண்டிருந்தது. கெங்கம்மாவின் புருஷன் வேம்பு வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. நரைத்த தலையோடு வந்த பெண்சாதியை நடையை வைத்து அடையாளம் கண்டுகொண்டான்.

"இன்னாமே, பஸ்ஸு வரலியா?"

"இல்ல."

அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "புள்ள எங்க? இது யாரு?"

நாகம்மா பாவாடையைச் சற்றுத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினாள். வேம்பு அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே போய், அவளுடைய சின்ன வட்டிலை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பெரிய வட்டிலில் சோறு போட்டான்.