பெயர் அழித்த முச்சந்தி

பலகையில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு பெயின்டை அப்பி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து இது ஏழாவது. ரஷ்யப் படை வழி தெரியாமல் திண்டாடட்டும் என்று உக்ரைன் முழுக்க ஊருக்கு ஊர் செய்த வேலை. படை திண்டாடியதோ இல்லையோ, மேற்கே தெர்னோப்பில் நகரத்திலிருந்து இரண்டு நாளாகத் தன்னந்தனியாக வேன் ஓட்டி வரும் ஒரிசியா நன்றாகவே திண்டாடினாள். போனில் வரைபடம் நேற்றே செத்துவிட்டது.

வேனின் பின்னால் பால்மாவும் போர்வைகளும் இருந்தன. இன்சுலின் பெட்டி மட்டும் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் வைத்தால் ராத்திரிக் குளிரில் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தால் குப்பையில்தான் கொட்ட வேண்டும். தெற்கே ஆஸ்பத்திரியில் பதினொரு குழந்தைகள் அதற்காகக் காத்திருந்தார்கள். "நாளைக் காலை வரைக்கும்தான் இருக்கு" என்று இன்று காலை போனில் சொன்ன டாக்டர் ஸோயாவின் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் ஒரிசியா. ஒரு நாளும் பிள்ளைகளைக் காக்க வைத்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

முச்சந்தியில் ஒருவர் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாலம் தாண்டி தெக்க போற ரோடு எது?"

அவர் அவளைப் பார்த்தார், பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். யாரோ தானமாகக் கொடுத்த போலந்து வண்டி. "இடது பக்கம் திரும்பி நேரா போம்மா" என்றார், தேன் ஒழுக.

இடது பக்கச் சாலை வயலுக்குள் புகுந்து, இடிந்த மாட்டுக் கொட்டகை ஒன்றின் முன்னால் முடிந்துபோனது. திருப்பப் பார்த்தாள். பகலில் இளகிக் கிடக்கும் மார்ச் மாதக் கரிசல், சக்கரத்தைப் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. டீசலும் கொஞ்சம்தான். இன்ஜினை அணைத்தால் ஹீட்டர் நின்றுவிடும். பெட்டியை எடுத்துக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவள் வாய்விட்டு அழுதாள்.

ஒரு மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தது அதே மண்மூட்டைக்காரர், பனாஸ். மட்கார்டின் மேல் வேட்டைத் துப்பாக்கியோடு ஊர்த்தலைவி வர்வாரா.

"எறங்கு! கையைத் தூக்கு!"

"தூக்க முடியாது. கையில குழந்தைங்க மருந்து இருக்கு." அவ்வளவுதான், பனாஸைப் பார்த்துக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏய்யா, நீயெல்லாம் ஒரு மனுஷனா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இப்படி வேணும்னே சேத்துல கொண்டு வந்து தள்ளுவியா? உளவாளிக்கு வேற வேலை இல்ல, பால்மாவு மூட்டையோட உன் ஊருக்கு வர்றான்!"

வர்வாரா பெட்டியைத் திறந்தாள். மூடியில் ஒட்டியிருந்த தாளை உரக்கப் படித்தாள். "ஸ்லாதா, நாலு வயசு. யாரெமா, ஏழு வயசு. மெலானியா, ரெண்டு..." அதற்கு மேல் படிக்கவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பனாஸ், சங்கிலியை எடு."

பனாஸ் சேற்றில் மண்டியிட்டுச் சங்கிலியை மாட்டினார். நிமிராமலே பேசினார். "போன வாரம் ஒருத்தன் வழி கேட்டான். நல்லவன்னு நெனச்சு சொல்லிட்டேன். மறுநாள் பாலத்துக்கிட்ட குண்டு விழுந்துச்சு. அவன்தானான்னு தெரியல. தூக்கமே வரல தங்கச்சி."

ஒரிசியாவுக்குத் திட்ட இன்னும் நிறைய மிச்சமிருந்தது. "சரி விடுங்கண்ணே, இழுங்க" என்றாள்.

வேன் மேடேறியதும் வர்வாரா போனை எடுத்து யார் யாருக்கோ பேசினாள். பிறகு ஜன்னலருகே வந்தாள். "இவரு காட்டாத ரோடுதான் பாலத்துக்குப் போகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நாலு முச்சந்தி. எல்லாத்துலயும் பலகையை நான்தான் நின்னு அழிக்க வச்சேன். எங்கயும் நிறுத்தி வழி கேக்காத. ஊருக்கு ஊர் இவரை மாதிரி ஒரு புத்திசாலி இருப்பான். ஆள் நிக்கும். கை காட்டுற பக்கம் போய்க்கிட்டே இரு."

முதல் முச்சந்தியில் ஒரு கிழவர் வலது பக்கம் கைநீட்டி நின்றார். இரண்டாவதில் இரண்டு பெண்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே ஒரே பக்கம் காட்டினார்கள். மூன்றாவதில் யாருமே இல்லை. ஒரிசியா பிரேக்கில் கால் வைத்தபோது ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் ஒற்றைக் கால் பூட்ஸோடு, நழுவும் கால்சட்டையைப் பிடித்தபடி ஓடி வந்தான். ஓடும்போதே மறு கை இடது பக்கம் நீண்டிருந்தது. அவள் சிரித்துவிட்டாள், இரண்டு நாளில் முதல் தடவையாக.

நான்காவது முச்சந்திக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் நகரத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. சமையல் உடுப்பின் மேல் ஆண்பிள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, நீட்டிய வலது கை மரத்துப்போய், அதை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். ஒரிசியா ஹாரன் அடித்துவிட்டு அந்தக் கை காட்டிய பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தபோது, வண்டி தாண்டி வந்த பிறகும் அவள் கையை இறக்கியிருக்கவில்லை.