நகராத நியான்

ஐந்து வருடமாக அந்த ஆய்வு மாணவிக்குத் தெரிந்த உலகம் ஒரே ஒரு நெபுலாதான். கோள்வடிவ நெபுலா என்று பெயரே தவிர, கோளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சாகக் கிடக்கும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு மூட்டம். அதன் ஒளியைப் பிரித்தால் தனிமத்துக்குத் தனிமம் வேறு வேறு கோடுகள். கோட்டின் பிரகாசத்தை வைத்து ஆக்சிஜன் இவ்வளவு, நைட்ரஜன் இவ்வளவு என்று நான்கு தசமம் வரை கணக்குப் போடுவாள். அதனால் துறையில் அவள் பெயர் 'துல்லியம்'.

துறைத் தலைவர் பெயர் 'அண்டம்'. வயிறு ஒரு காரணம். வாய் இன்னொரு காரணம்.

போன வாரம் நெபுலாவில் நியான் வாயு கிடைத்தது. கொஞ்சநஞ்சமல்ல, பிரபஞ்சத்திலுள்ள அத்தனை கடைகளுக்கும் பெயர்ப்பலகை விளக்கு எரித்துவிட்டு மிச்சத்தைத் தானம் செய்யலாம், அவ்வளவு! அண்டம் அன்றைக்கே கட்டுரை எழுதி, தன் பெயரை முதலில் போட்டு, பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லியனுப்பிவிட்டார். துல்லியத்தின் ஆய்வேட்டிலும் அந்த எண் ஏற வேண்டுமென்று உத்தரவு.

இன்று காலை அவள் கோடுகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள். நெபுலா நம்மை நோக்கி வருவதால் எல்லாக் கோடுகளும் தம் இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றன. நியான் மட்டும், ஆய்வகத்தில் எங்கே நிற்குமோ அங்கேயே, ஆணி அடித்தாற்போல் நின்றது. அந்த எண்ணோடு ஆய்வேடு போனால் தேர்வாளர்கள் அவளையும் சேர்த்துக் கிழித்துவிடுவார்கள்.

"சார், நியான் நகரலை."

"நகராத நியானா? இன்னும் பெரிய கண்டுபிடிப்பும்மா! தலைப்பை மாத்து."

"அது நெபுலால இல்ல சார். நம்ம விளக்கு எரிஞ்சிருக்கு."

கோடுகளின் இடத்தைச் சரிபார்க்கக் கருவிக்குள் ஒரு நியான் விளக்கு உண்டு. வானத்தைப் பார்க்கும்போது அணைத்தாக வேண்டும்.

"எந்த மடையன் வேலை இது? கூப்பிடு அந்தத் தொலைநோக்கிக்காரனை!"

தொலைநோக்கியை இயக்குபவர் பதிவேட்டோடு வந்தார்.

"நான் அணைச்சுட்டேன் சார். அப்புறம் நீங்கதான் உங்க மச்சானைக் கூட்டிட்டு வந்து, 'பாருங்க மச்சான், என்ன செவப்பு'ன்னு போட்டுக் காமிச்சீங்க. 'யாரும் எதையும் தொடாதீங்க'ன்னு வேற சொல்லிட்டுப் போனீங்க. எழுதி வெச்சிருக்கேன்."

அண்டம் சுருங்கியது. சுருங்கிய இடத்தில் திடீரென்று கருணை பொங்கியது.

"ராப்பகலா உழைச்சவ நீ. கட்டுரைல உன் பேரையே முதல்ல போட்டுக்கோயேன்."

"ஐயோ, உங்க கண்டுபிடிப்பு சார். நான் போய் அதுல கை வைக்கிறதா?"

"அப்ப என்னதான் வேணும்?"

"கட்டுரையே வேண்டாம். என் ஆய்வேட்டுல நியான் இருக்கற இடத்துல ரெண்டே வரி. கீழ உங்க கையெழுத்து."

அவள் தாளை நீட்டினாள். 'நியான்: அளவிட இயலவில்லை. துறைத் தலைவர் விளக்கை அணைக்க மறந்துவிட்டார்.'

"ரெண்டாவது வரி அவசியமாம்மா?"

"பத்திரிகைக்காரங்க நாலு மணிக்கு வர்றாங்க சார். அவங்ககிட்ட நீட்டி முழக்கிச் சொல்லட்டுமா, இல்ல இதுலயே சுருக்கமா இருக்கட்டுமா?"

அண்டம் பேனாவை மூன்று நிமிடம் தேடினார். அது சட்டைப்பையிலேயே இருந்தது. கையெழுத்து விழுந்தது. ஆனால் அதைப் படிக்கத் தொலைநோக்கி வேண்டியிருந்தது.