கார் போகும்வரை

எங்கள் ஊர் குருவிகுளம் பாதையில் இருக்கிறது. பள்ளி எட்டாம் வகுப்புவரைதான். அதற்குமேல் படிக்கச் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டும். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. நானும் எட்டோடு நின்றவள். எண்பத்து மூன்றில் என் மகள் இசக்கித்தாய் எட்டில் இருந்தாள்.

அந்த வருஷம் பள்ளிக் கல்வி இயக்குநர் மெட்ராஸிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஒரு விழாவுக்கு வந்தார். வழியில் எங்கள் பள்ளியைப் பார்த்து, உயர்நிலைப் பள்ளியாக்கலாமா என்று முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாத பள்ளிக்கு அனுமதி கிடைக்காது என்றார் தலைமையாசிரியர். பள்ளிக் கிணறு வறண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர் மருதப்பனும் இன்னும் சிலரும் வெடிவைத்து ஆழப்படுத்தினார்கள். முதல்நாள் சாயங்காலம் ஊற்று வந்துவிட்டது.

"ஏட்டி, ஒம் மவ பத்தாவது பாஸாயிட்டா என்னய மதிப்பாளா?" என்றார் சாப்பிடும்போது.

"இப்ப மட்டும் மதிக்காளாக்கும்."

சிரித்தார்.

காலையில் பிள்ளைகளை மாலையோடு ரோட்டு முக்கில் நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் கலங்கலாகத் தெரியக் கூடாதென்று இவர் சகதி அள்ள இறங்கினார். வெடியில் விரிசல் விட்டிருந்த பாறை பெயர்ந்து தலையில் விழுந்தது.

பின்தெரு வழியாகத் தூக்கிவந்து வீட்டில் கிடத்தினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பெத்துராஜ் அண்ணாச்சியின் சட்டையெல்லாம் ரத்தம்.

"தாயி, சாவுன்னு தெரிஞ்சா கார் அப்படியே திரும்பிரும். போலீஸ் வந்து கிணத்தை மூடிரும். இன்னொரு தடவ மெட்ராஸ்ல இருந்து யாரு வருவா? கார் போற வரைக்கும் யாரும் அழாதீக. ஒம் மவளுக்காகச் சொல்லுதேன்."

அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். கதவைச் சாத்தினார்கள்.

மேளச் சத்தம் கேட்டது. என் நாத்தனார் தங்கத்தாய்க்கு அடக்க முடியவில்லை. கூடப்பிறந்தவள். அவள் வாயை நான் பொத்திக்கொண்டேன். என் கையைக் கடித்துவிட்டாள்.

இயக்குநர் கிணற்றை எட்டிப் பார்த்தாராம். குடிக்கக் கேட்டாராம். தலைமையாசிரியர் தன் வீட்டுக் குடத்துத் தண்ணீரை மொண்டு கொடுத்தாராம்.

கார் போகும் சத்தம் கேட்டது. யாரும் வந்து சொல்வதற்குள் இசக்கித்தாய் ஓடிவந்து கதவைத் தட்டினாள். திறந்து, வாசலை மறைத்து நின்றேன்.

"எம்மா, அந்த ஆபீசர் ஒங்கப்பா என்ன செய்யுதாருன்னு கேட்டாரு. இந்தப் பள்ளிக்கூடத்துக் கிணறுதான் வெட்டுதாருன்னேன். அடுத்த வருசம் ஒம்பதாவது உண்டும், அப்பாட்ட போய்ச் சொல்லுன்னாரு."

மூச்சு வாங்கியது அவளுக்கு.

"நீ சொல்லிராத, நான்தான் சொல்லுவேன்," என்று என் கைக்குக் கீழாகக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.